இரவு விளக்குகளும் ஒயிட் பேலன்ஸும்

தைப்பிங் ஏரிப் பூங்காவில் மாலை ஏழரைக்கு மேல் கேமராவைத் தூக்குகிற எல்லோருக்கும் ஒரே தொல்லைதான். ஃபோகஸ் சரியாக இருக்கும், வெளிச்ச அளவு சரியாக இருக்கும், ட்ரைபாட் ஆடியிருக்காது. நிறம் மட்டும் பிசகியிருக்கும். கண்ணுக்கு அத்தனை அழகாகத் தெரிந்த இடம் படத்தில் ஒரே ஆரஞ்சாக வந்து நிற்கும்; இல்லையென்றால் நீலம் பாய்ந்து வெளிறிப்போயிருக்கும். இந்த அத்தியாயம் முழுக்க அந்த நிறத்தைப் பற்றியதுதான்.

இரவு நிறத்தைப் படிக்க தைப்பிங்கைவிட நல்ல ஊர் பேராக்கில் இல்லை என்பது என் எண்ணம். தீபகற்ப மலேசியாவில் அதிகம் மழை பெய்கிற ஊர் இது; ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். இன்றைக்கு மழை எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். சாயங்கால மழை விட்ட பிறகு சாலை முழுக்க ஈரம். ஒவ்வொரு விளக்கும் கம்பத்தில் ஒருமுறை, தரையில் ஒருமுறை என்று இரண்டாகத் தெரியும். மலைப் பக்கமிருந்து இறங்குகிற மூடுபனி அந்த வெளிச்சத்தின் நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். பகலில் ஒரே சூரியன். இங்கே இரவில் பத்தடிக்கு ஒரு சூரியன், ஒவ்வொன்றும் ஒரு நிறம்.

முதலில் கணக்கு

ஒரு பொருளைக் காய்ச்சிக்கொண்டே போனால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு வெளுக்கும், இன்னும் சூடேறினால் நீலம் தட்டும். இரும்பாக இருந்தால் பாதி வழியிலேயே உருகிவிடும், ஆனால் கணக்கு அப்படியே மேலே நீள்கிறது. அந்தச் சூட்டின் அளவையே ஒளியின் நிறத்துக்கும் எண்ணாக வைத்திருக்கிறார்கள். அதுதான் கெல்வின். எண்ணெய் விளக்கின் சுடர் 1,900 கெல்வின் அளவில் இருக்கும். ஆரஞ்சாக எரிகிற சோடியம் தெருவிளக்கு 2,000-ஐ ஒட்டி. பழைய குண்டு பல்ப் 2,700 முதல் 2,850 வரை. எல்.இ.டி. தெருவிளக்கு 3,000 முதல் 5,700 வரை எதுவாகவும் இருக்கலாம். நடுப்பகல் வெயில் 5,500. நம் வீட்டு வரவேற்பறைகளில் எரிகிற ‘டேலைட்’ டியூப் 6,500. சூரியன் மறைந்தபின் சிறிது நேரம் நிற்கிற நீல வானம் 10,000-ஐத் தாண்டும்.

கேமராவின் ஒயிட் பேலன்ஸில் நீங்கள் வைக்கும் கெல்வின் எண், “இப்போது எரிகிற விளக்கு இந்த நிறம்” என்று கேமராவுக்குச் சொல்வது. 2,800 என்று சொன்னால், “ஓ, வெளிச்சம் மஞ்சளாக இருக்கிறது” என்று எடுத்துக்கொண்டு கேமரா நீலத்தைக் கூட்டிச் சரிசெய்யும். அதனால் எண்ணைக் குறைத்தால் படம் நீலமாகும், ஏற்றினால் மஞ்சளாகும். புதிதாகக் கற்கிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். இதை ஒருமுறை வீட்டு விளக்கடியில் 2,500, 4,000, 7,000 என்று மூன்று படம் எடுத்துப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்த எண்களில் ஒரு சூட்சுமம் உண்டு. 2,500-க்கும் 2,800-க்கும் இடையிலுள்ள 300 கண்ணில் அறையும். 7,000-க்கும் 7,300-க்கும் இடையிலுள்ள அதே 300 தெரியவே தெரியாது. நிற மாற்றம் கெல்வினின் தலைகீழ் எண்ணைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் முன்னது பின்னதைவிட ஏழு மடங்கு பெரிய மாற்றம். ஆகவே இரவில் 3,000-ஐச் சுற்றி வேலை செய்யும்போது நூறு நூறாக நகர்த்துங்கள். பகலில் பழகிய கையோடு ஆயிரம் ஆயிரமாகத் தள்ளினால் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

கெல்வின் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே மட்டும் ஓடுகிற கோடு. இதற்குக் குறுக்கே இன்னொரு கோடு, ‘டின்ட்’: பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் நடுவே. டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் பச்சை சிந்துகிற விளக்குகள். கெல்வினை எவ்வளவு ஆட்டியும் முகம் நோயாளி முகம்போலவே இருக்கிறதா? கெல்வினை விட்டுவிட்டு டின்ட்டை மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள்.

ஏரிக்கரையில் தூங்குமூஞ்சி மரங்கள்

ஏரிப் பூங்கா ஒரு காலத்தில் ஈய லம்பமாகத் தோண்டிப்போட்ட நிலம். 1880-இல் அதைப் பூங்காவாக்கினார்கள். கரையோரம் நிற்கிற தூங்குமூஞ்சி மரங்கள் நூறு ஆண்டுக்கும் மேற்பட்டவை; சாலைக்கு மேலாகக் கிளையை நீட்டித் தண்ணீரைத் தொடப் போகிறவை. தைப்பிங்குக்கு வருகிற யாரும் எடுக்காமல் போகாத படம் அதுதான்.

அந்த மரம் சாயங்காலமானால் இலையைக் கூப்பிக்கொள்ளும். மழைமேகம் கவிந்தாலும் அப்படித்தான். அதனால் இரவில் மேற்கவிகை பகலைவிட மெல்லிசாக இருக்கும், வெளிச்சம் இடுக்கெல்லாம் ஊடுருவும். இலையைவிடக் கிளைதான் படத்தில் பேசும். கிளைமேல் படர்ந்திருக்கிற புல்லுருவி, பாசி, பெரணி எல்லாம் பச்சை. அந்தப் பச்சை வருமா வராதா என்பதை விளக்குதான் முடிவு செய்யும்.

சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டரைச் சுற்றியுள்ள மஞ்சளில் குவிந்திருக்கிறது. பச்சையும் நீலமும் அதில் சொற்பம். இலை பச்சையாகத் தெரிய வேண்டுமானால் அதன்மேல் விழுகிற ஒளியில் பச்சை இருக்க வேண்டும். இல்லாததை இலை திருப்பி அனுப்ப முடியாது. அதனால் சோடியம் விளக்கடியில் தூங்குமூஞ்சி மரம் பழுப்பாகத்தான் விழும். கெல்வினை 2,000-க்கு இறக்கினால் ஆரஞ்சு தணியும், பச்சை வராது; நிழல்களில் நீலப் புள்ளிகள்தான் கிளம்பும். இல்லாத நீலத்தை கேமரா வம்பாக உயர்த்துவதால் வருகிற இரைச்சல் அது. இரவுப் படத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஒயிட் பேலன்ஸ் இருக்கிற நிறங்களை நிரவும், இல்லாத நிறத்தைக் கொண்டுவராது.

அப்படியானால் என்ன செய்வது? ஆரஞ்சை ஆரஞ்சாகவே விடுங்கள். கேமராவில் 2,800 முதல் 3,200-க்குள் வைத்தால் விளக்கு இதமான மஞ்சளாக அடங்கும், மரம் செம்பழுப்பாக நிற்கும், வானமும் ஏரியும் அடர்நீலமாக இறங்கும். அந்த நீலமும் ஆரஞ்சும் சேர்கிற சேர்க்கைதான் இந்த ஊரின் அந்தி. அதற்கு நேரம் மிகக் குறைவு. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் சூரியன் செங்குத்தாக விழுவதால், மறைந்து இருபது நிமிடங்களுக்கெல்லாம் வானத்து நீலம் கருத்துவிடும். சூரியன் மறைவதற்கு முன்பே ட்ரைபாடை நிறுத்தி, படச்சட்டத்தை முடிவு செய்து, கெல்வினை வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

வெள்ளை எல்.இ.டி. எரிகிற பக்கம் கதை வேறு. அதில் பச்சை தாராளம். 4,000-ஐ ஒட்டி வைத்தால் பெரணி பெரணியாகவே தெரியும். ஆனால் நாடெங்கும் தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றிக்கொண்டே வருகிறார்கள், எந்தக் கம்பத்தில் எது எரிகிறது என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. பல இடங்களில் இரண்டும் ஒரே சட்டத்துக்குள் வரும். அப்போது இரண்டையும் ஒருசேரச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். படத்தில் எந்த மரம் முக்கியமோ அதன்மேல் விழுகிற விளக்கைத் தேர்ந்தெடுத்து அதற்கு எண்ணை வையுங்கள். மற்றது தன் நிறத்தில் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணை வைத்தால் இரண்டும் கெடும்.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸை இங்கே அணைத்துவிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆட்டோ சட்டத்திலுள்ள மொத்த நிறத்தையும் பார்த்துச் சராசரி எடுத்து ஊகிக்கிறது. கேமராவை இடது பக்கம் சற்றுத் திருப்பினால் ஊகம் மாறும். நான்கு படத்தை ஒட்டிப் பனோரமா செய்ய நினைத்தால் நான்கும் நான்கு நிறம். ரா கோப்பாக எடுத்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மை. ரா-வில் எடுக்கவும் வேண்டும். என்றாலும் களத்தில் கெல்வினை நிலையாக வைத்தால்தான் திரையில் பார்க்கிற படத்தை நம்பி வெளிச்ச அளவைத் தீர்மானிக்க முடியும். ஜேபெக்கில் மட்டும் எடுக்கிறவர்களுக்கு இது கட்டாயம். அதில் பிறகு ஓரளவுக்கு மேல் திருத்த வழியில்லை. கைப்பேசிக்காரர்களும் விலகி நிற்க வேண்டியதில்லை. பல கைப்பேசிகளில் ‘ப்ரோ’ முறைக்குள் கெல்வின் பட்டை இருக்கிறது.

நிலவொளியைப் பற்றி ஒரு வார்த்தை. நிலவொளி நீலம் என்று நினைத்திருப்போம். அது சூரிய ஒளிதான், நிலவில் பட்டுத் திரும்பியதால் சற்று மஞ்சளேறி 4,100 அளவில் இருக்கிறது. மங்கலில் நம் கண் நீலத்தின் பக்கம் சாய்வதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. நிலா வெளிச்சத்தில் ஏரியை எடுக்கும்போது 4,100 வைத்தால் பகலில் எடுத்ததுபோல வரும். 3,500 வைத்தால் கண்ணில் கண்ட இரவு வரும். நான் 3,500-ஐத்தான் சொல்வேன்.

விளக்கொளியில் முகம்

இந்தப் பகுதிக்காகத்தான் இந்த அத்தியாயத்தையே எழுதத் தோன்றியது. கோயில் இரவுகளில், கார்த்திகை விளக்கில், தீபாவளி முன்னிரவில், தைப்பூசத்தில் நம் மக்களை எடுத்த படங்களில் எத்தனை முகங்கள் சாம்பல் பூத்துக் கிடக்கின்றன! அகல் வெளிச்சத்தில் பொன்னாகத் தெரிந்த பாட்டியின் முகத்தை ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஆஸ்பத்திரி முகமாக்கிவிடுகிறது. ஃபிலிம் காலத்திலிருந்தே இந்தக் கோளாறு உண்டு. கோடாக் நிறுவனம் படம் கழுவி அச்சிடும் கூடங்களுக்கு நிறம் ஒப்பிட்டுப் பார்க்க அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல பத்தாண்டுகளாக இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். 1990-களில்தான் பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கிற அட்டை வந்தது. நம் தோலின் நிறத்தை நாமேதான் காக்க வேண்டியிருக்கிறது.

ஈப்போ கல்லுமலைக் கோயிலின் தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புந்தோங் பக்கமிருந்து பால்குடமும் காவடியும் விடியுமுன்பே கிளம்பிவிடும். ஒரே சட்டத்தில் தெருவிளக்கு, தண்ணீர்ப்பந்தலின் டியூப் லைட், அலங்கார எல்.இ.டி., கற்பூரச் சுடர், நான்கும் இருக்கும். எதைப் பிடிப்பது? முகத்தைப் பிடியுங்கள். முகத்தின்மேல் எந்த விளக்கு விழுகிறதோ அதுதான் அந்தப் படத்துக்கு எசமான்.

முகத்துக்கு அளவுகோல் நம் நெற்றியிலேயே இருக்கிறது. திருநீறு ஏறக்குறைய நிறம் சாராத வெளிர்சாம்பல். ஒளிப்படக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிற சாம்பல் அட்டைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கணினியில் ஒயிட் பேலன்ஸ் துளிக்குழாயை எடுத்து, நெற்றியில் திருநீற்றுப் பட்டை வெளுத்துப் போகாமல் சற்று மங்கலாக இருக்கிற ஓரத்தில் வைத்து அழுத்துங்கள். வியர்வை மினுக்கும் இடத்தையும், குங்குமமோ சந்தனமோ கலந்த இடத்தையும் தவிருங்கள். எண்ணெய் விளக்கில் எடுத்த படமாக இருந்தால் 2,000-ஐ ஒட்டி ஓர் எண்ணைக் காட்டும். திருநீறு வெள்ளையாகிவிடும், விளக்கின் பொன்னும் செத்துவிடும். அங்கே நிற்காதீர்கள். அது தொடக்கப்புள்ளி. அங்கிருந்து நூறு நூறாக ஏற்றுங்கள். திருநீறு இளமஞ்சளாகி, தோல் மறுபடி உயிர்பெறுகிற ஓர் இடம் வரும். பல படங்களில் அது 3,000-க்குள் வந்துவிடுகிறது.

வேட்டியையோ வெள்ளைச் சட்டையையோ அளவுகோலாக்க வேண்டாம். துவைக்கும் சோப்புத்தூளில் இருக்கிற வெளுப்பூட்டி புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும். அந்தி வானத்தடியிலும் ஃப்ளாஷிலும் புதுவேட்டி உண்மையில் வெள்ளையில்லை, நீலம். அதை வெள்ளை என்று கேமராவிடம் சொன்னால் முகமெல்லாம் மஞ்சள் ஏறும்.

கண்ணை நம்ப முடியாதபோது எண்ணைப் பாருங்கள். தோலின்மேல் சுட்டியை வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவையும் மென்பொருள் காட்டும். நம் தோல் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் சிவப்பு அதிகம், பச்சை நடுவில், நீலம் கடைசி என்ற வரிசை மாறாது. நீலத்தின் எண் பச்சையை நெருங்கினால் முகம் சாம்பலாகிறது என்று பொருள். பச்சை சிவப்பை நெருங்கினால் மஞ்சள்காமாலை.

அலங்கார விளக்குகள், குறிப்பாக நீலமும் ஊதாவுமாகக் கோபுரத்தில் ஓடுகிற எல்.இ.டி. சரங்கள், ஒயிட் பேலன்ஸுக்கு அடங்காதவை. அவை ஒரே நிறத்தை அள்ளிக் கொட்டுவதால் சென்சாரின் நீலப் பகுதி மட்டும் நிரம்பி வழியும். பொதுவான ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்று காட்டும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்தால்தான் நீலம் வலச்சுவரில் முட்டி நிற்பது தெரியும். ஒரு ஸ்டாப்போ ஒன்றரையோ வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். சிற்பத்தின் மடிப்புகள் திரும்ப வரும். நிறம் மாறி மாறி ஓடுகிற விளக்கென்றால் வெள்ளை வருகிற நொடிக்குக் காத்திருப்பது இன்னும் நல்லது.

ஃப்ளாஷ் போட்டே ஆக வேண்டுமென்றால் அதன்மேல் ஆரஞ்சு ஜெல் தாள் ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் 5,500-ஐ ஒட்டிய வெளிச்சம். முழு ஆரஞ்சுத் தாள் அதை 3,000 பக்கம் இறக்கும். கேமராவில் 3,200 வைத்தால் முகமும் பின்னாலிருக்கிற விளக்குகளும் ஒரே குடும்பமாகிவிடும். ஆனால் கருவறைப் பக்கம் ஃப்ளாஷ் வேண்டாம். பல கோயில்களில் அங்கே படமே எடுக்கக் கூடாது. குருக்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். காவடி எடுப்பவர் அருளில் இருக்கும்போது கண்ணுக்கு நேரே ஃப்ளாஷ் அடிப்பதும் தகாது. கூட்டத்தில் ஒருவரை நெருங்கி எடுப்பதானால், “அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்க ஒரு நொடிதான் ஆகும். அந்த ஒரு நொடியில் அவர் விளக்குப் பக்கம் திரும்பிவிடுவார், உங்களுக்கும் நிறம் கிடைத்துவிடும்.

பசார் மாலாமும் மின்மினியும்

பசார் மாலாமில் ஒட்டுக்கடைகளை எடுக்கும்போது இன்னொரு சிக்கல். மலேசியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. டியூப் லைட்டும் மலிவு எல்.இ.டி.யும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். 1/500 நொடி வைத்து எடுத்தால் ஒரு படம் மஞ்சள், அடுத்தது பச்சை, அதற்கடுத்ததில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. இதை ஒயிட் பேலன்ஸ் கோளாறு என்று நினைத்துக்கொண்டு மணிக்கணக்கில் திருத்துகிறவர்கள் உண்டு. 1/50 அல்லது 1/100 வைத்தால் முழு மினுக்கும் ஒவ்வொரு படத்திலும் அடங்கிவிடும், நிறம் நிலைக்கும். செண்டோல் பச்சையும் பொரித்த கோழியின் சிவப்பும் அப்புறம் தாமாகவே சரியாகும்.

கோலா செப்பெத்தாங் தைப்பிங்கிலிருந்து பக்கம்தான். போர்ட் வெல்ட் என்ற பழைய பெயரில் அங்கேதான் 1885-இல் மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போய்ச் சேர்ந்தது. இப்போது ஆற்றோரக் கண்டல் மரங்களில் மின்மினி பார்க்கப் படகு விடுகிறார்கள். மின்மினியின் ஒளி மஞ்சள்பச்சை. அந்த நிறம் மாறக் கூடாது. ஆட்டோ வைத்தால் இருட்டில் ஊகிக்க எதுவுமில்லாமல் படத்துக்குப் படம் தடுமாறும். நாற்பது படத்தை அடுக்கி ஒன்றாக்கும்போது நாற்பதும் நாற்பது நிறம். 3,800-ஐ ஒட்டி நிலையாக வைத்துவிடுங்கள். படகு ஆடுவதால் படகுத்துறையின் மேடையிலிருந்து எடுப்பதே நல்லது. ஃப்ளாஷோ கைப்பேசி விளக்கோ வேண்டவே வேண்டாம். அந்தப் பூச்சிகள் ஒளியால்தான் இணையைத் தேடுகின்றன.

கணினியில் உட்காரும்போது

இரவில் எடுத்த படத்தை அன்றிரவே திருத்தாதீர்கள். மஞ்சள் பல்பின் கீழே உட்கார்ந்திருக்கும் கண் மஞ்சளுக்குப் பழகியிருக்கும். படத்தை மஞ்சளாக்கி வைத்துவிடும். கணினியிலும் கைப்பேசியிலும் இரவானால் திரையைத் தானாக மஞ்சளாக்குகிற வசதி இருக்கிறது. திருத்தும் முன் அதை அணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். லைட்ரூம் வாங்க முடியாதவர்களுக்கு டார்க்டேபிளும் ராதெரபியும் இலவசம், வேலைக்கு எந்தக் குறையும் இல்லை.

இரண்டு விளக்குகள் கலந்த படத்தை இங்கே காப்பாற்றலாம். முதலில் முகத்துக்கோ முக்கிய மரத்துக்கோ மொத்தப் படத்தின் எண்ணையும் வைத்துவிடுங்கள். பிறகு பச்சை பாய்ந்த பந்தல் பகுதியை மட்டும் தூரிகையால் தேர்ந்து, டின்ட்டைக் கொஞ்சம் மெஜந்தாவுக்கு நகர்த்தி, செறிவைச் சற்றே குறையுங்கள். முழுக்கச் சரிசெய்துவிட வேண்டாம். இரவில் இரண்டு விளக்குகள் இருந்தன என்பது படத்தில் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வெள்ளைக்குக் கொண்டுவந்த படம் ஸ்டூடியோவில் எடுத்ததுபோல ஆகிவிடுகிறது.

அச்சுப் போடுவதாக இருந்தால் ஆல்பம் எந்த விளக்கின் கீழ் பார்க்கப்படும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 6,500 டியூப் லைட் எரியும் வரவேற்பறையில் படம் குளிர்ந்து தெரியும். மஞ்சள் விளக்கு வைத்த மண்டபத்தில் சூடேறித் தெரியும். கோயில் விழா ஆல்பத்தை மொத்தமாக அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரே படத்தை 2,800, 3,000, 3,200 என்று மூன்று எண்ணில் சிறிய அளவில் போட்டு வாங்கி, கொடுக்கப்போகிற வீட்டுக்கே எடுத்துப்போய், அந்த வீட்டு விளக்கடியில் வைத்து அவர்களையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.